இடிந்து விழுந்தால்தான் செய்தியா? வடசென்னை வீடுகள் குறித்த கேள்வி பதில்

வடசென்னையில் பதினெட்டு வருடம் நிருபராக அலைந்தவன் நான். வீடு, வாடகை, விலைவாசி பற்றிப் பத்திரிகையும் டிவியும் சொல்லும் விதம் குறித்து நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, எங்க கே.பி. பார்க் வீட்டுக்கு அன்னைக்கு எல்லா சேனலும் வந்துச்சு. அப்புறம் ஏன் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல? (புளியந்தோப்பு வாசகி)

2021 ஆகஸ்டில் குடிசை மாற்று வாரியம் கட்டிய உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் விரலால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு மணலாகக் கொட்டியது. கேமராவுக்கு அது போதும், பார்த்தவுடன் எவருக்கும் புரியும். அந்தப் படம் வெளிவந்ததால்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு வந்து ஆய்வு செய்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லிஃப்ட் நின்ற நாளில் குடத்தோடு படியேறுவதற்கு அப்படி ஒரு படம் கிடைக்காது. அது தினமும் நடப்பதால் 'இதில் புதுசா என்ன?' என்று, எந்தச் செய்தி போடலாம் என முடிவு செய்யும் டெஸ்க்கில் கேட்பார்கள்.

அதே வருடம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு சரிந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு எல்லாரும் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். 'உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதியதும் செய்தி முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. பீரோவும் சர்டிபிகேட்டும் மண்ணுக்குள் போன குடும்பத்துக்கோ அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பம்.

முப்பது வருஷமா இருக்கற இடத்தை 'ஆக்கிரமிப்பு அகற்றம்'னு போடறாங்களே, அது எப்படி சார்? (வியாசர்பாடி)

இதில் என் தப்பும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது, அதிகாரி கொடுத்த குறிப்பை அப்படியே எழுதினேன். மறுநாள் போனால், சுவரில் சிவப்பு பெயிண்டில் போட்ட எண் மட்டும் ஒரு துண்டுச் சுவரோடு நின்றது. பக்கத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரன்ட் பில் மூன்றையும் எடுத்து என் கையில் வைத்தார். "கவர்மென்ட் குடுத்த கார்டுல இருக்கற அட்ரஸ் உன் பேப்பர்ல எப்படிப்பா ஆக்கிரமிப்பு ஆச்சு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை அதிகாரி சொன்னதாக மட்டுமே எழுதுவேன். சட்டப்படி அது நீர்நிலைப் புறம்போக்காகவே இருக்கலாம், அதையும் எழுத வேண்டும். எத்தனை வருடக் குடியிருப்பு, வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் போகிற பெண்களை ஊரின் தென்கோடியில், மறுகுடியமர்த்தும் இடமான பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்பதும் அதே செய்தியில் இருக்க வேண்டும். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் அரசு வாரியம் 1970-ல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 'வாழ்விடம்' என்ற சொல் பெயர்ப்பலகைக்கு வந்துவிட்டது, செய்திக்குள் இன்னும் வரவில்லை.

பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு செய்தி. எங்க வீட்டுக் கணக்குல ஒண்ணும் குறையலையே? (கொருக்குப்பேட்டை)

விலைவாசிச் செய்தி என்றால் தக்காளிக் கூடைதான் படமாக வரும். தக்காளி விலை இறங்கும். ஏறின வாடகை இறங்கி நான் பார்த்ததில்லை. பணவீக்கத்தைக் கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், நகரத்துக்கு வீட்டுச் செலவின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 22 என்று இருந்தது. பதினெட்டாயிரம் சம்பளத்தில் ஏழாயிரம் வாடகை கொடுப்பவருக்கு அது நாற்பதை ஒட்டி வருகிறது. சராசரி ஒன்று, உங்கள் வீடு ஒன்று. இதைச் சொல்லாமல் 'குறைந்தது' என்று எழுதினால் படிக்கிறவருக்குத் தன் கணக்கு மேலேயே சந்தேகம் வரும்.

இன்னொன்று, இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. குடித்தனக்காரருக்குத் தனியாக சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று ஹவுஸ் ஓனர் வாங்கும் ஒண்டுக்குடித்தன வீடுகளில் அந்த இலவசம் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. அறிவிப்பு முதல் பக்கத்தில் வந்தது. சப் மீட்டர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அட்வான்ஸ் பத்து மாசம் கேக்கறாங்க. சட்டம் இருக்கா? (தண்டையார்பேட்டை)

இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 'வேறு ஒப்பந்தம்' என்ற சொல்லுக்குள் பத்து மாதமும் நுழைந்துவிடுகிறது. இதை நிருபர்கள் எடுத்து விளக்கினாலே பாதிப் பேருக்கு உதவி.

காசிமேட்டுக்காரங்க கஷ்டம் ஏன் மீன் விலைச் செய்தியா மட்டும் வருது? (காசிமேடு)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வஞ்சிரம் விலையை ஞாயிறுதோறும் போடுகிறோம், ஏனென்றால் வாங்குகிறவர்தான் வாசகர் என்று நினைக்கிறோம். அந்த இரண்டு மாத வாடகையை ஐஸ் உடைக்கிறவரும் வலை தைக்கிறவரும் எங்கே கடன் வாங்கிக் கட்டினார்கள் என்று கேட்டால், அதே துறைமுகத்தில் வேறு செய்தி கிடைக்கும்.

நாங்க என்ன செய்யறது தம்பி? (எண்ணூரிலிருந்து ஒரு பெரியவர்)

ஐயா, நிருபர் கையில் காகிதம் கொடுங்கள். வாரிய வீடு என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, கட்டின வருடம், கடைசியாக உறுதித்தன்மை சோதித்த தேதி இரண்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பத்திரிகை தப்பாக எழுதினால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம், நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள். விரிசலைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுங்கள். நாலு மாதப் போட்டோவை வரிசையாக வைத்தால் எந்த டெஸ்க்கும் 'இதில் புதுசா என்ன?' என்று கேட்க முடியாது.