கியர் போட்டதும் வண்டி அணைகிறதா? கிளட்ச்சைப் பிரிக்கும் முன் ஸ்டாண்டைப் பாருங்கள்

"அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 2021-இல் வாங்கிய 125 சிசி பைக். நியூட்ரலில் எவ்வளவு நேரமானாலும் ஓடுகிறது. கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நான்கு நாள். பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. இப்போது கிளட்ச் பிளேட் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?" என்று திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார், தினமும் வயலுக்கு வண்டியில் போய்வரும் ஒரு வாசகர்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் வண்டி எப்படி அணைகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பி நிறுத்தியது போல பொசுக்கென்று அணைகிறதா? அல்லது முன்னால் ஒரு தள்ளு தள்ளி, திக்கித் திணறி அணைகிறதா? பொசுக்கென்று நின்றால் கரண்டு நிற்கிறது. திணறி நின்றால் என்ஜினுக்குத் தாங்க முடியாத பாரம் வருகிறது. இதைக் கேட்காமலே ஸ்பேனரை எடுப்பதால்தான் நல்ல பிளக்கும் நல்ல பிளேட்டும் குப்பைக்குப் போகின்றன.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. கிளட்ச் கையில் பிடித்திருக்கும்போதே அணைகிறது. சில நாள் அணைகிறது, சில நாள் இல்லை. தேய்ந்த பிளேட் நாள் பார்த்து வேலை காட்டாது. சேறும் ஈரமும் பட்ட சுவிட்ச்தான் இப்படிச் செய்யும்.

இப்போது வரும் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் சைடு ஸ்டாண்டு போல்ட்டை ஒட்டி ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கியர் பாக்ஸில் இன்னொன்று, நியூட்ரல் சுவிட்ச். மீட்டரில் பச்சை விளக்கு எரிவது இதனால்தான். பல மாடல்களில் ஸ்டாண்டு கீழே இருந்தாலும் நியூட்ரலில் என்ஜின் ஓடும். கியர் விழுந்து பச்சை விளக்கு அணைந்ததும், ஸ்டாண்டு மேலே இருக்கிறதா என்று வண்டி பார்க்கும். கீழே என்று தகவல் வந்தால் ஸ்பார்க்கை நிறுத்திவிடும். ஸ்டாண்டைப் போட்டபடியே யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சுவிட்ச் கெட்டுப்போனால், மடக்கிய ஸ்டாண்டையும் கீழே இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் வண்டி வரப்பு ஓரம்தான் நிற்கிறது. உழுத வயலின் தொழிச் சேறு ஸ்டாண்டு போல்ட்டில் அப்பி, வெயிலில் காய்ந்து சிமெண்டாகிவிடும். அப்புறம் ஸ்டாண்டு முழுசாக மேலே ஏறாது. பார்வைக்கு மடங்கியது போலத்தான் தெரியும், ஆனால் அரை விரல் அளவு தொங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். அந்த மாதிரி வண்டி பள்ளத்தில் குதிக்கும்போதும் ஒரு வெட்டு வெட்டும். உங்கள் வண்டி அப்படிச் செய்கிறதா என்று கவனியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கத்தில் பெய்த பெருமழையில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிலை மாற்றி ஓட்ட ஆரம்பித்தவர்கள் பலர் வயர்களை இணைக்கும் கப்ளர்களைத் திறந்து காயவைக்கவில்லை. உள்ளே செம்பு பச்சை பூத்து, மாதக்கணக்கில் கழித்து இப்படித் தொந்தரவு கொடுக்கும். உங்கள் வண்டியும் அப்போது நனைந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படுகிறது.

சோதனை எளிது. மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, சைடு ஸ்டாண்டை மடக்கி, சாவியைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். பல மாடல்களில் ஸ்டாண்டு கீழே இருந்தால் ஸ்டாண்டு படம் ஒன்று எரியும். மடக்கிய பிறகும் அது எரிந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. படம் இல்லாத வண்டியென்றால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் சுற்றும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. முறுக்கியும் பொசுக்கென்று அணைந்தால் அது சுவிட்ச் அல்லது அதன் வயர். முறுக்கினால் அணையாமல் தாக்குப்பிடிக்கிறது என்றால் ஸ்லோ ஸ்பீடு (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) குறைவு, அல்லது கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது லீவரைப் பிடித்த பிறகும் என்ஜினைப் பாரத்திலிருந்து பிரிக்கவில்லை.

கிளட்ச் விடவில்லை என்றாலும் உடனே பிளேட்டுக்குப் போக வேண்டாம். லீவர் நுனியில் சும்மா ஆடும் பிளே பல வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கேபிளை டைட் செய்தாலே சரியாகிவிடும். ஆயிலையும் விசாரியுங்கள். வீட்டில் டிராக்டருக்கு வாங்கிய ஆயிலை பைக்கிலும் ஊற்றுகிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு. கெட்டியான ஆயிலில் காலையில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கியர் போட்டதும் வண்டி முன்னால் குதித்து நின்றுவிடும். பைக்கில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

ஸ்லோ ஸ்பீடு விஷயம் சுருக்கமாக: 125 சிசி வண்டிக்குச் சுமார் 1,400 ஆர்பிஎம் வேண்டும். குறைந்தால் என்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கலாம், இன்லெட் ரப்பர் வெயிலில் வெடித்துக் காற்று இழுக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுவிட்ச் வயரை வெட்டி நேரடியாக முறுக்கிவிட்டு "இனி தொந்தரவு இல்லை" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். தொங்கும் ஸ்டாண்டோடு இடது பக்கம் சாய்த்துத் திரும்பும்போது ஸ்டாண்டு நுனி ரோட்டில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். அப்படி விழுந்து தோள்பட்டை இறங்கிய ஒருவரின் வண்டி என் பட்டறைக்கு வந்தது. ஸ்டாண்டு நுனியில் தார் அப்பியிருந்தது. சுவிட்ச் வயரை மூடியிருந்த ரப்பர் குழாயைக் கத்தியால் கீறிப் பார்த்தேன், உள்ளே இரண்டு வயரும் பிளாஸ்டிக் டேப்பில் ஒன்றாக முறுக்கிக் கிடந்தன. சில நூறு ரூபாய் சுவிட்ச்சுக்காக அந்த வேலையைச் செய்திருந்தார்கள்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். நாளைக் காலையில் ஸ்டாண்டு போல்ட்டைச் சுற்றி நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் இடுக்குச் சேறு வந்துவிடும். காய்ந்ததும் போல்ட்டில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் வைத்து, ஸ்டாண்டு 'டக்'கென்று மேலே ஏறுகிறதா பாருங்கள். இரண்டு வாரம் ஓட்டுங்கள். மறுபடி அணைந்தால், பட்டறையில் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்து சுவிட்ச்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். வயரை ஆட்டும்போது ரீடிங் விட்டுவிட்டு வந்தால் புது சுவிட்ச் போட்டுவிடுங்கள். அதுவரை கிளட்ச் கவரைத் திறக்க விடாதீர்கள்.