பார்த்து வரைகிற பிள்ளைக்குச் சொந்தக் கோடு எப்போது வரும்?

அம்மா, உங்கள் மகன் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு வந்தும் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்தே வரைகிறான், சொந்தமாக ஒன்றும் காணோமே என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்து வரைவதில் தப்பில்லை. ஒருவரையே பார்த்து வரைவதில்தான் சிக்கல். அப்படி வரைந்தால் கடைசிவரை நகல்தான் மிஞ்சும்.

நான்கைந்து ஓவியர்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் தனக்குப் பிடித்தது எது என்று ஒரே ஒரு வரி எழுதட்டும்: ஒருவரிடம் கோட்டின் அழுத்தம், இன்னொருவரிடம் வெற்றிடத்தை விடும் விதம், வேறொருவரிடம் நிறம். 'எல்லாமே பிடிக்கும்' என்று எழுதினால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பிறகு ஆளுக்கு மூன்று படங்களை, டிரேஸ் எடுக்காமல், கண்ணால் பார்த்து வரையட்டும். டிரேஸ் எடுத்தால் கை எங்கே விலகுகிறது என்பது தெரியாமலே போய்விடும். மூலத்திலிருந்து விலகிய இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். சில வெறும் பிழைகள். ஆனால் படத்துக்குப் படம் ஒரே மாதிரி திரும்ப வரும் விலகல் அவனுடைய கையின் இயல்பு. பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் குறை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

அடுத்து 40 நாள், தினம் அரைமணி நேரம், ஒரே பேனா, ஒரே அளவு தாள். வரைவது அவன் அறிந்த இடமாக இருக்கட்டும்: உங்கள் சமையலறை, மொட்டை மாடி, தெருமுனை டீக்கடை. பேனா, பென்சில், வண்ணம் என்று வாரத்துக்கு ஒரு மீடியம் மாற்றினால் புதுப் பொருளின் கவர்ச்சியில் கையின் பழக்கம் மறைந்துவிடும். முடிந்ததும் நாற்பதையும் தரையில் பரப்பி, தயங்காமல் வரைந்த ஐந்தைப் பொறுக்கச் சொல்லுங்கள். அவனுடைய பலம் அந்த ஐந்தில் இருக்கிறது. சமூக ஊடகத்தில் விழும் லைக் எண்ணிக்கையை வைத்துப் பொறுக்க வேண்டாம். ஏற்கெனவே பழகிய பாணிக்குத்தான் அங்கே வரவேற்பு அதிகம்.

காலம் ஆகும் அம்மா. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதலில் கேரளத்து நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்து பெயர் பெற்றவர். எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த, இன்று அவருடைய அடையாளமாகச் சொல்லப்படும் ஓவியங்களுக்கு அவர் வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அதுவரை வருமானம்? சென்னைக்கு அருகே 1966-ல் உருவான சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைப்பை நடத்திக்கொண்டு, ஓவியத்தைத் தங்கள் விருப்பப்படி வரைந்தார்கள். உங்கள் மகனும் உருவப்பட ஆர்டர், சிறுவர் நூல் ஓவியம், வகுப்பு எடுப்பது என ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதாவது ஆர்டர் வேலை நுழையாமல் இருக்க வேண்டும்.

தன் வேலையைப் பிறருக்குக் காட்டத் தொகுக்கும் போர்ட்ஃபோலியோவில் 15 முதல் 20 படங்கள் போதும். கூடவே ஸ்கெட்ச் புக்கிலிருந்து இரண்டு மூன்று பக்கங்கள். பார்த்து வரைந்ததைச் சேர்த்தால் மூல ஓவியரின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவன் கசக்கி எறிகிற தாள்களைக் குப்பையில் போடாமல், பின்பக்கம் தேதி எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வையுங்கள்.