பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: அப்பா 1998-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டாடா மொபைல் பிக்அப் எங்களிடம் இருக்கிறது. அவர் போன பிறகு மூன்று வருடம் கொட்டகையில் நின்றது. இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் முடித்து ஓட வைத்துவிட்டேன். பாடியும் பெயின்டும்தான் பாக்கி. மூன்று பட்டறைகளில் கேட்டதில் 28,000, 60,000, 1,15,000 என்று மூன்று விலை சொல்கிறார்கள். ஒரே வண்டிக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? யாரிடம் கொடுப்பது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வண்டி ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் சொல்வது மூன்று வேலைகளுக்கான விலை. பெயின்டின் விலை இவர்களுக்குள் பெரிதாக மாறாது. பெயின்டுக்கு அடியில் எத்தனை நாள் கூலி என்பதில்தான் தொகை ஏறி இறங்குகிறது.

குறைந்த விலை சொன்னவர் அநேகமாக வெளியே தெரிகிற துருவைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்புகிற மெட்டல் பேஸ்ட் அப்பி, கண்ணாடிக்கும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே அடித்துக் கொடுப்பார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்காக வருடாவருடம் நடக்கிற வேலை இது. அதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருக்க நினைக்கிற உங்களுக்கு அது உதவாது. அதற்காக 1,15,000 சொன்னவர் எல்லாவற்றையும் பிரித்துச் செய்வார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரவர் என்ன செய்யப்போகிறார் என்பதைத் தாளில் எழுதி வாங்கின பிறகுதான் விலைகளை ஒப்பிட முடியும்.

முதலில் வண்டியை நீங்களே பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற வளையும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் அடியில் பழைய பேஸ்ட் கனமாக இருக்கிறது. பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கேபினில் மேட்டுக்கு அடியில் உள்ள தரை, கதவுகளின் கீழ் விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரையோர மழைநீர்க் கால்வாய், மட்கார்டுக்கு உள்பக்கம், இந்த ஐந்தும் முக்கியம். உங்கள் ஊர் வண்டி என்பதால் ஆறாவதாகப் பின் பாடியின் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்கறி மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர், கேபினை ஒட்டிய முன் மூலையில் தேங்கித் தேங்கித் தகட்டை அரித்திருக்கும். கதவின் அடியில் இருக்கிற வடிகால் துளைகள் மண்ணால் அடைந்திருந்தால் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியதில் முதலாவது, அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பாரா, பழசின் மேலேயே ஒட்டுப் போடுவாரா என்பது. மேலே ஒட்டினால் இரண்டு தகடுக்கும் நடுவே ஈரம் தங்கி, புதுத் தகடும் சேர்ந்து போகும். அடுத்து, கேஸ் வெல்டிங்கா, கார்பன் டை ஆக்சைடு வாயு காக்க மின்சாரத்தில் செய்கிற சி.ஓ.2 வெல்டிங்கா என்று கேளுங்கள். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகடு நெளியும். நெளிந்ததைச் சமமாக்க மறுபடி பேஸ்ட்தான் வரும். கதவு, பானெட் போன்ற பெரிய தகடுகளுக்கு சி.ஓ.2-தான் நல்லது.

மூன்றாவது கேள்வி பலரும் விட்டுவிடுவது: வெறும் தகட்டின் மேல் முதலில் என்ன படும்? மெட்டல் பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதைத் துருப்பிடித்த தகட்டின் மேல் நேராக அப்பினால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் வரும். தகட்டைச் சுத்தமாக்கி, ஈரம் தகட்டைத் தொடாமல் காக்கிற எபாக்ஸி பிரைமர் அடித்து, அதற்கு மேல் பேஸ்ட் வைத்து, பிறகு பெயின்டுக்கு முன் மேற்பரப்பைச் சமமாக்குகிற சர்ஃபேசர் என்று போகிறவர் வேலை தெரிந்தவர். தகட்டைத் தட்டி நேராக்குகிற டிங்கரிங்கில் பள்ளத்தை முடிந்தவரை எடுத்துவிட்டால் பேஸ்ட் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படாது. பேஸ்டைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பவராக இருந்தால் யோசியுங்கள். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பருக்கு நேரம் பிறகு வரும்.

கடைசியாக, கண்ணாடியையும் பீடிங்கையும் கழற்றுவாரா? டேப் ஒட்டி அடித்தால் ரப்பர் ஓரத்தில் பெயின்டுக்கு ஒரு விளிம்பு உண்டாகி, அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். கண்ணாடி ரப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கிற துருவும் அப்படியே இருக்கும். இதற்கு மட்டும் 8,000, 10,000 கூடக் கேட்டால் கொடுங்கள், தகும்.

உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று வேலையை இழுத்தால் ஒன்று நினைவில் வையுங்கள். 1991-ல் வந்த டாடா சியரா காரும் 1992-ல் வந்த டாடா எஸ்டேட் காரும் உங்கள் வண்டியின் அடித்தளத்திலேயே பிறந்தவை. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சாமான் கடைக்குப் போகும்போது உங்கள் உடைந்த பாகத்தைக் கையோடு எடுத்துப்போய், அந்த வண்டிகளின் பாகத்தோடு வைத்துப் பாருங்கள்.

மூவரில் யார் என்றால், இந்த நான்கு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லி, வெறும் தகடாக இருக்கும்போதும் பிரைமர் நிலையிலும் உங்களை வந்து பார்க்கச் சொல்கிறவர். அவர் 60,000 சொன்னவராகவும் இருக்கலாம்.

கேள்வி: பெயின்டை நானே வாங்கிக் கொடுக்கலாமா? என்.சி., எனாமல், பி.யூ. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கம்ப்ரசர் வாடகைக்குக் கிடைக்கிறது, நானே அடித்தால் கூலி மிச்சமாகுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் டூபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற பெயரில் கொண்டுவந்த வகை. அதனால்தான் நம் ஊர்ப் பெரிய பெயின்டர்கள் இன்னும் ‘டூக்கோ அடிக்கிறது’ என்கிறார்கள். சீக்கிரம் காயும், தேய்த்தால் நல்ல பளபளப்பு வரும். ஆனால் நம் வெயிலில் சில வருடங்களில் மங்கும், டீசல் சிந்தினாலே கறை பிடிக்கும். எனாமல் மலிவு, காய நேரமாகும். அதற்குள் தூசியும் பூச்சியும் ஒட்டும். பின் பாடிக்கும் சேசிஸுக்கும் போதும். கேபினுக்கு இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே பி.யூ., அதாவது பாலியூரிதேன்தான் என் பரிந்துரை. வேலை செய்கிற வண்டிக்கு மெட்டாலிக் வேண்டாம், சாதாரண சாலிட் கலர் எடுங்கள். நாளைக்கு ஒரு கதவு இடிபட்டால் அதை மட்டும் அடித்துச் சேர்க்க முடியும். மெட்டாலிக்கில் அந்த ஷேடு பிடிப்பது பெரும்பாடு.

பழைய பெயின்ட் எது என்று தெரியாமல் மேலே அடிக்காதீர்கள். மறைவான இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் பழசு என்.சி. அதன் மேல் நேராக பி.யூ. அடித்தால் சுருங்கித் தூக்கிவிடும். முழுக்க எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

தாராளமாக நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். சிங்கிள் கேபின் பிக்அப்புக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு லிட்டர் கலர் போகும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். இரண்டாம் முறை கலந்தால் ஷேடு மாறும். ஹார்டனரும் தின்னரும் அதே கம்பெனியுடையதாக இருக்கட்டும். கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டின்னில் போட்டிருப்பதுதான் கணக்கு. பிரைமரில் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு விலை உயர்ந்த கலர் வாங்குகிறார்கள் பலர். தலைகீழாகச் செய்யுங்கள்.

நீங்களே பி.யூ. அடிப்பதை நான் தடுக்கவே செய்வேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பனியாக நுரையீரலுக்குள் போனால் தீராத ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சுத் திணறும். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று குழாயில் வருகிற முகக்கவசம் வேண்டும். பட்டறையில் இளம் பையன்கள் வெறும் முகத்தோடு அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. உங்கள் பட்டறையில் அப்படி நடந்தால் தயவுசெய்து கேளுங்கள். கூலியை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கழற்றி மாட்டும் வேலையையும், தூசி காக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு பழைய பெயின்ட் தேய்க்கிற வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூலியில் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கிறது.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். என் வேனை ஒரு வருடம் ஐப்பசியில் பட்டறைக்கு விட்டேன். எபாக்ஸி அடிக்காமல் வெறும் தகடாக நான்கு நாள் திறந்த கொட்டகையில் நின்றது. கண்ணுக்குத் தெரியாத துருவின் மேலேயே பிரைமர் போட்டார்கள். சித்திரையில் பானெட் முழுக்கக் கடுகு தெளித்த மாதிரி கொப்புளம். பணம் இரண்டு முறை செலவானது. தையில் தொடங்குங்கள், வெறும் தகட்டை அன்றைக்கே பிரைமரால் மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: 70,000 பேசி 45,000 அட்வான்ஸ் கொடுத்தேன். நான்கு மாதமாக வண்டி வெறும் பிரைமரில் நிற்கிறது. இன்னும் 30,000 கொடுத்தால்தான் வேலை, இல்லாவிட்டால் வண்டியும் தரமாட்டேன் என்கிறார். வீட்டுக்கு ஒரே வருமானம் இந்த வண்டிதான்.
– வாசகர், மணப்பாறை

பதில்: அவருக்குச் சட்டத்தில் ஒரு உரிமை இருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவின்படி, கொடுத்த பொருளில் உழைப்பைப் போட்டவர், செய்த வேலைக்கான கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் செய்த வேலைக்கு மட்டும்தான். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 45,000 அதுவரை நடந்த வேலையைவிட அதிகம் என்றால், இனி செய்யப்போகிற வேலைக்காக வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு இடமில்லை.

கோபப்பட்டுப் பட்டறையில் சத்தம் போடாதீர்கள். முதலில் வண்டி நிற்கிற நிலையை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பேசிய தொகை, கொடுத்த தேதிகள், முடிந்த வேலை, முடியாத வேலை எல்லாவற்றையும் எழுதி, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அவர் அதில் கொடுக்கிற பதிலே உங்களுக்குச் சாட்சியாகும். இந்தக் கடிதத்திலேயே பல விஷயங்கள் முடிந்துவிடுகின்றன.

நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, ‘இது வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை’ என்பது. எனவே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். லைசென்ஸ் நகலையும் வையுங்கள்.

இனி வண்டி விடப்போகிறவர்கள் அட்வான்ஸாகக் கால் பங்குக்கு மேல் தராதீர்கள். டிங்கரிங் முடிந்து வெறும் தகட்டைப் பார்த்து ஒரு பங்கு, பிரைமர், சர்ஃபேசர் முடிந்து ஒரு பங்கு, வண்டி எடுக்கும்போது கடைசிப் பங்கு. பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்பார்கள். பில் இல்லாமல் நாளை எதைக் காட்டி நியாயம் கேட்பீர்கள்?

கேள்வி: எஸ்டேட்டில் தாத்தா காலத்து மகிந்திரா ஜீப், 1970-ல் பதிவானது, பின்னால் திறந்த பாடி. மிலிட்டரி பச்சை அடித்து, விண்டேஜ் பதிவு வாங்க ஆசை.
– வாசகர், வால்பாறை

பதில்: மிலிட்டரி பச்சை கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. அடித்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் உண்டு. மறுபடி சுரண்டி அடிக்கிற செலவைச் சொல்லித்தான் ஆறுதல் தர முடிகிறது. வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி.யில் நிறம் மாற வேண்டும் என்பதால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு டின்னைத் திறங்கள்.

விண்டேஜ் பதிவுக்கு 2021-ல் விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000. பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் வண்டிப் பேரணி, பராமரிப்பு போன்றவை தவிர அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தக் கால ஜீப்புகளில் பாதிக்கு மேல் இடையில் டீசல் இன்ஜின் மாட்டியவை என்பது என் அனுபவம். உங்களுடையது அப்படியானால் விண்டேஜ் ஆசைக்காகச் செலவழிக்கும் முன் யோசியுங்கள். எஸ்டேட்டுக்குள் தினம் ஓடுவதுதான் அந்த வண்டியின் வாழ்க்கை என்றால் சாதாரணப் புதுப்பிப்பே மேல்.

கேள்வி: நாளை மறுநாள் எங்கள் பிக்அப் பட்டறையிலிருந்து வருகிறது. என்ன பார்த்து எடுக்க வேண்டும்? வீட்டுக்காரர் வெளியூரில், நான்தான் போகிறேன்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: காலை வெயிலில் போங்கள், சாயங்காலம் டெலிவரி என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் தாழக் குனிந்து பானெட்டையும் கதவுகளையும் பாருங்கள். எதிரே உள்ள கம்பமோ டியூப் லைட்டோ அதில் நேர்கோடாகத் தெரிய வேண்டும். நெளிந்தால் அடியில் பேஸ்ட் சரியாகத் தேய்க்கவில்லை. கதவைத் திறந்து உள் விளிம்பையும் கீல் ஓரத்தையும் பாருங்கள், அவசரப்பட்டவர்கள் அங்கேதான் விடுவார்கள். கதவின் அடித் துளைகளில் ஒரு ஊசி போகிறதா என்று பாருங்கள்.

சேசிஸ் நம்பரைக் கட்டாயம் பாருங்கள். கனமாகப் பெயின்ட் விழுந்து எழுத்து மூடியிருந்தால் எஃப்.சி.யில் அலைய வேண்டிவரும். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு நீங்கள் கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு, பட்டறைப் பையனை வெளியே ஹோஸ் பைப்பில் கண்ணாடி ஓரமெல்லாம் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் அப்போதே பீடிங்கைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். கடைசிப் பணம் அதற்குப் பிறகு.

ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளேயிருக்கிற தின்னர் வெளியேற வேண்டும். காக்கை எச்சம் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்தபின் சுரண்டினால் தடம் நிற்கும். மிச்சமான கலரை ஹார்டனர் கலக்காமல் சின்ன டின்னில் இறுக மூடித் தரச் சொல்லி, அதன் மேல் ஷேடு நம்பரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.