அனிமே மாதிரியே இருந்தும் யாரும் கண்டுக்காத ஃபைட்டிங் கேம் எது? எனக்கு ரைவல் ஸ்கூல்ஸ்

டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர், டிராகன் பால் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அனிமே ஃபீல் இருந்தும் ஆளுங்க மறந்துபோன ஒரு ஃபைட்டிங் கேம் சொல்லுங்க, ஏன் பிடிக்கும்னும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு யோசிக்கவே வேண்டாம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் பண்ண கேப்காம் கம்பெனியோட ரைவல் ஸ்கூல்ஸ் தான். 1997ல ஆர்கேட்ல, அதாவது கடைகள்ல காசு போட்டு ஆடுற மெஷின்ல வந்துச்சு, 1998ல ப்ளேஸ்டேஷன் ஒன்னுக்கு ரெண்டு சிடியா வந்துச்சு. ஜப்பான்ல அதுக்கு பேரு ஷிரிட்சு ஜஸ்டிஸ் ககுவென். இப்பவும் அடிக்கடி எடுத்து விளையாடுறேன், ஒவ்வொரு தடவையும் அதே சந்தோஷம்தான்.

கதை சுத்தமா ஸ்கூல் அடிதடி மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ் மாதிரி. ஆவோஹருன்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற ஸ்கூல்கள்ல பசங்களும் டீச்சர்களும் திடீர் திடீர்னு தாக்கப்படுறாங்க, சில பேர் காணாமப் போறாங்க, யாரு பண்றான்னு தெரியாம ஒவ்வொரு ஸ்கூல்காரனும் அடுத்த ஸ்கூல்காரனை சந்தேகப்பட்டு சட்டையைப் புடிக்கிறான். ஹீரோ பாட்சு இச்சிமோஞ்சி, யூனிஃபார்ம் கோட்டை பட்டன் போடாம விட்டுக்கிட்டு வாயில எப்பவும் கத்தல், காணாமப் போன அம்மாவைத் தேடி டையோ ஸ்கூலுக்கு வந்து சேர்றான். அவன்கூட ஹினாட்டான்னு துறுதுறுன்னு ஒரு பொண்ணு, க்யோசுகேன்னு கண்ணாடி போட்ட அமைதியான பையன். இந்த க்யோசுகேகிட்ட ஒரு ரகசியம் இருக்கு, அதை இங்க சொல்லி கெடுக்க மாட்டேன், நீங்களே ஆடிப் பாருங்க.

மத்த ஸ்கூல்கள் இன்னும் சூப்பர். கோரின் ஸ்கூல் முழுக்க விளையாட்டு வீரர்கள், ஷோமா பேஸ்பால், நட்சு வாலிபால், ராபர்ட்டோ ஃபுட்பால் கோல்கீப்பர், மூணு பேரும் அவங்கவங்க ஆட்டத்தை வச்சேதான் சண்டை போடுவாங்க, அதாவது ஷோமா பேட்டால சாத்துவான், நட்சு பந்தை ஸ்மாஷ் பண்ணுவா. கெடோ ஸ்கூல் ரவுடிப் பசங்க கூடாரம், அங்க எட்ஜ்னு ஒருத்தன் முடியை ஆணி மாதிரி நிமித்திக்கிட்டு கத்தி வீசுவான், கான்னு ஒரு குண்டுப் பையன் சுமோ மாதிரி மோதுவான். அவங்க தலைவன் டைகோ காணாமப் போனதும் அவனைத் தேடி தங்கச்சி அகிரா மண்டை ஓடு ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஆம்பளைப் பையன் மாதிரி அந்தக் கூட்டத்துக்குள்ள நுழையுறா. பசிஃபிக்னு அமெரிக்கப் பசங்க படிக்கிற ஸ்கூல் ஒன்னு. ஜஸ்டிஸ் ஸ்கூல்ல வாத்தியார் ஹிடியோவும் ஸ்கூல் நர்ஸ் க்யோகோவும் இறங்கி அடிப்பாங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல வர்ற சகுரா கூட இதுல இருக்கா. அவளும் ஸ்கூல் பொண்ணுதானே, ஹினாட்டா, நட்சுவோட ஃப்ரெண்டா வர்றா, ரொம்பப் பொருத்தமா இருக்கும்.

இதெல்லாம் வெளித்தோற்றம்தான். நான் இந்த கேமை இவ்ளோ வருஷமா விடாம இருக்கிறதுக்குக் காரணம் டீம் அப். ரெண்டு பேரை செலக்ட் பண்ணுவீங்க, ஆனா மார்வெல் வர்சஸ் கேப்காம்ல மாதிரி நடுவுல ஆளை மாத்திக்க முடியாது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி யாரு இறங்கணும்னு நீங்க முடிவு பண்ணணும். இன்னொருத்தன் ஓரமா வெயிட்டிங். கீழ சக்தி மீட்டர் ஒன்னு ஏறிக்கிட்டே இருக்கும், ஒன்பது லெவல் வரைக்கும் சேரும். ஒருத்தர் தனியா போடுற பெரிய அடியான சூப்பர் மூவுக்கு ஒரு லெவல். ரெண்டு லெவல் சேர்ந்துச்சுன்னா லைட் பஞ்சும் லைட் கிக்கும் இல்ல ஹெவி பஞ்சும் ஹெவி கிக்கும் சேர்த்து அமுக்கினா போதும், அந்த ஃப்ரெண்டு ஓடி வருவான், ரெண்டு பேரும் சேர்ந்து எதிராளியை வெளுத்து வாங்கிட்டு ஃப்ரெண்டு திரும்பிப் போயிடுவான், இதுதான் டீம் அப்.

இதுல விஷயம் என்னன்னா யாரைக் கூப்பிடுறீங்களோ அவங்க குணத்துக்கு ஏத்த மாதிரிதான் அந்த மூவ் இருக்கும். நட்சுவைக் கூப்பிட்டா சண்டை வாலிபால் ஆட்டமா மாறிடும். க்யோகோவைக் கூப்பிட்டா அவங்க எதிராளியைத் தொடவே மாட்டாங்க, நேரா உங்க ஆளுகிட்ட வந்து உடம்பைப் புடிச்சு நெட்டி எடுத்து விடுவாங்க, உயிர் கொஞ்சம் ஏறிடும், நர்ஸ் இல்லையா. ஒரு பட்டன் அமுக்கினதும் வர்ற அஞ்சாறு செகண்ட்ல இவன் எப்படிப்பட்ட ஆளு, இவங்களுக்குள்ள எப்படிப்பட்ட சிநேகம்னு முழுசா புரிஞ்சிடும், கட் சீன் போட்டு பத்து நிமிஷம் பேசியும் இதைச் சொல்ல முடியாத கேம்கள் எவ்ளோ இருக்கு. அனிமே ஃபைட்டிங் கேம்னு சொல்லிக்கிட்டு கண்ணு பெருசா முடி கலரா வரைஞ்சு விட்டா போதும்னு நினைக்கிறாங்க, ஆனா அந்த ஸ்கூல் கதைகளோட உயிரே கூட நிக்கிற ஃப்ரெண்டுதான், உதை வாங்கிக் கீழ விழப்போற நேரத்துல ஒருத்தன் வருவான் பாருங்க அதுதான், அதை ஆட்டத்தோட ரூல்ஸாவே ஆக்கி வச்சது இந்த கேம்.

சண்டையும் நல்லா இருக்கும், பார்க்க மட்டும் அழகுன்னு நினைச்சுடாதீங்க. நாலே பட்டன், ரெண்டு பஞ்ச் ரெண்டு கிக். லைட்ல ஆரம்பிச்சு ஹெவி வரைக்கும் தொடர்ச்சியா தட்டினாலே காம்போ, அதாவது ஒன்னோட ஒன்னு சேர்ந்த தொடர் அடி வரும், அப்புறம் ஆளை மேல தூக்கி விட்டு நாமளும் பின்னாடியே குதிச்சு காத்துலயே அடிக்கலாம், 3டி கேம்ல இந்த மாதிரி ஏர் காம்போ அந்த டைம்ல பெரிய விஷயம். சைடுல நகரலாம். ப்ளாக் பண்ணிக்கிட்டே இருக்கும்போது அப்படியே ஸ்பெஷல் மூவ் விட்டு திருப்பி அடிக்கலாம், இதை டார்டி கவுன்ட்டர்னு சொல்லுவாங்க, இது கைக்கு வந்துட்டா எதிராளி சும்மா பட்டனை அமுக்கிக்கிட்டே உங்களை மூலையில போட்டு நசுக்க முடியாது. முதல் தடவை கன்ட்ரோலரைத் தொடுறவங்களுக்கும் ஏதாவது ஒரு காம்போ வந்துடும். எங்க பக்கம் மணிக்கு இவ்ளோன்னு காசு கொடுத்து ஆடுற கேம் கடையில எல்லாருமே டெக்கன் 3 தான் கேப்பாங்க, அங்கயும் இதைப் போட்டுவிட்டா அஞ்சே நிமிஷத்துல ஒட்டிக்குவாங்க, எழுந்திரிக்கவே மாட்டாங்க.

அப்ப ஏன் ஓடலைன்னு கேப்பீங்க. நான் நினைக்கிறது, டெக்கன் 3யும் அதே 1998லதான் ப்ளேஸ்டேஷனுக்கு வந்துச்சு. அது பக்கத்துல வச்சா ரைவல் ஸ்கூல்ஸோட கிராஃபிக்ஸ் கரடுமுரடாதான் தெரியும், ஸ்டில் ஃபோட்டோல பார்த்தா கண்டிப்பா தோத்துடும், ஓடும்போது பார்த்தாதான் அழகு தெரியும். கேப்காம்னாலே 2டின்னு ஒரு பேரு வேற இருந்துச்சு.

எனக்கு நிஜமாவே மனசு கேக்காத விஷயம் வேற. ஜப்பான் வெர்ஷனோட ரெண்டாவது சிடியில நெக்கெட்சு செய்ஷுன் நிக்கின்னு ஒரு மோட் இருந்துச்சு. நீங்களே ஒரு ஸ்டூடன்ட்டை உருவாக்கி, ஸ்கூலைத் தேர்ந்தெடுத்து, அங்க நாட்களை ஓட்டணும், கேமில் வர்ற ஆளுங்களோட பேசிப் பழகி ஃப்ரெண்டாகணும், அப்படிப் பழகப் பழக அவங்க மூவ்ஸை உங்க ஆளும் கத்துக்குவான், அப்புறம் அந்த ஆளை வச்சே நிஜமா சண்டை போடலாம். இந்த கேமோட மனசே அங்கதான் இருக்கு. இங்கிலீஷ்ல ஸ்கூல் லைஃப்னு பேரு வச்சு கொண்டு வர ப்ளான் பண்ணாங்க, மொழிபெயர்க்க ரொம்ப நாள் ஆகும்னு கைவிட்டுட்டாங்க. ஜப்பான்ல 1999ல அந்த மோடை இன்னும் பெருசாக்கி, புது கேரக்டர் ரெண்டு பேரைச் சேர்த்து தனி கேமாவே போட்டாங்க, அது வெளிநாட்டுக்கு வரவே இல்லை. மேட்ச் மட்டும் ஆடிட்டு சின்ன கேம்னு சொன்னவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, பாதி கேமைத்தான் அவங்க கையில கொடுத்தாங்க.

அப்புறம் 2000ல ப்ராஜெக்ட் ஜஸ்டிஸ் வந்துச்சு, ஆர்கேட்லயும் சேகாவோட ட்ரீம்காஸ்ட் கன்சோல்லயும். இதுல டீமுக்கு மூணு பேரு, மூணு பேரும் ஒன்னா சேர்ந்து அடிக்கிற மூவும் உண்டு. பார்க்க ரொம்ப மெருகா இருக்கும், ஆளுங்களும் அதிகம், அகிரா இதுல ஹெல்மெட்டைக் கழட்டிட்டு பொண்ணுங்க படிக்கிற செய்ஜுன் ஸ்கூல்ல இருப்பா. ட்ரீம்காஸ்ட் கொஞ்ச நாள்லயே நின்னு போச்சு, அதோட இந்த சீரிஸும் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ஆளுங்க மட்டும் அங்கங்க தலை காட்டினாங்க, க்யோசுகே கேப்காம் வர்சஸ் எஸ்என்கே 2ல, பாட்சு டாட்சுனோகோ வர்சஸ் கேப்காம்ல. 2021ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கு அகிரா வந்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம், அதுல அவளுக்கு ஒரு வி ட்ரிகர், அதாவது மீட்டர் நிரம்பினதும் போடுற ஸ்பெஷல் பவர் இருக்கு, அதைப் போட்டா அண்ணன் டைகோ ஓடி வந்து கூட நின்னு அடிப்பான். இருபது வருஷம் கழிச்சும் அந்த டீம் அப்பை மறக்காம எடுத்துட்டு வந்தாங்க பாருங்க, பண்ணவங்களுக்கு இந்த கேம் மேல எவ்ளோ பாசம்னு அதுலயே தெரியும்.

இதோட டைரக்டர் ஹிடியாகி இட்சுனோ, பின்னாடி டெவில் மே க்ரை, டிராகன்ஸ் டாக்மான்னு பெரிய கேம்ஸ் பண்ணவர். அடுத்த பாகம் பண்ணணும்னு ஆசைன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்கார், 2024ல கேப்காமை விட்டுப் போயிட்டார். மூணாவது பாகம் வரணும்னு நான் இன்னும் ஆசைப்படுறேன், அவர் இல்லாம வந்தாலும் முதல் நாளே வாங்குவேன்.

இப்ப ஆடிப் பார்க்கணும்னா ஈஸி வழி 2025 மே மாசம் வந்த கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன் 2, ப்ராஜெக்ட் ஜஸ்டிஸ் அதுல இருக்கு, ஆன்லைன்லயும் மோதலாம். அது ஆர்கேட் வெர்ஷன். முதல் தடவைன்னா பாட்சுவோட ஆரம்பிங்க, மூவ்ஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கைக்குப் பழகின மாதிரியே இருக்கும். டீம்ல க்யோகோவை வச்சுக்கங்க. ஸ்டோரி மோடை ஒவ்வொரு ஸ்கூலா முடிச்சுட்டு அப்புறம் ஆன்லைன் போங்க, ஆளுங்க யாருன்னு தெரிஞ்சுட்டு டீம் அப் போட்டாதான் அந்த சுகம் முழுசா கிடைக்கும்.