ரன்வேயில் ஒரு காண்டாமிருகம்: வாசகர் கேள்வி – பதில்

கே: சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "போர் விமானமும் யானையும் வரைந்தே பிழைத்த ஆங்கிலேய ஓவியர்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். யார் சார் அது? பெயராவது சொல்லக்கூடாதா?

ப: டேவிட் ஷெப்பர்ட். 1931-ல் லண்டன் ஹெண்டனில் பிறந்தவர், 2017 செப்டம்பரில் 86 வயதில் மறைந்தார். சின்ன வயதில் அவருக்கு ஓவியராகும் ஆசையெல்லாம் கிடையாது. ஆப்பிரிக்காவில் வனக் காவலராக வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் ஓவிய வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டதே ரக்பி மைதானத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் 1949-ல் நேராகக் கென்யாவுக்குப் போய், 'வந்துவிட்டேன், வேலை கொடுங்கள்' என்கிற தோரணையில் நின்றார். தேசியப் பூங்காக்காரர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கையில் காசில்லை. மாலிந்தி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டலில் வரவேற்பாளர் வேலை, வாரச் சம்பளம் ஒரு பவுண்டு. ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட் வேண்டுமே, அதற்காகப் பறவைப் படங்கள் வரைந்து, ஒன்று பத்து பவுண்டு என்று ஏழு படங்களை அங்கே இருந்தவர்கள் தலையில் கட்டினார். அந்தப் பறவைகள் எல்லாம் படுமோசம் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

கே: முறையாக ஓவியம் கற்றவரா, சுயம்புவா?

ப: கற்றவர்தான், ஆனால் கல்லூரியில் இல்லை. லண்டனில் புகழ்பெற்ற ஸ்லேடு ஓவியக் கல்லூரிக்குப் போனார். திறமையே இல்லை, சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த யோசனை பஸ் டிரைவர் வேலை. (விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் யோசனை.) அந்தச் சமயத்தில் ஒரு விருந்தில் ராபின் குட்வின் என்ற ஓவியரைச் சந்தித்தார். கடல், கப்பல், மனித முகங்கள் வரைகிறவர். அவர் பொதுவாக மாணவர்களைச் சேர்ப்பதில்லை, இவருடைய பறவைகளையும் பெரிதாக மெச்சவில்லை. ஆனாலும் என்ன நினைத்தாரோ, சேர்த்துக்கொண்டார். மூன்று வருஷம்.

குட்வின் தூரிகை பிடிக்க மட்டும் சொல்லித்தரவில்லை. ஓவியம் என்பது மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை, காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க வேண்டும், மனசு வரட்டும் என்று காத்திருக்கிறவனுக்கு அடுப்பு எரியாது என்கிற புத்தியை மண்டையில் ஏற்றினார். ஷெப்பர்டின் பிற்பாடு வாழ்க்கை முழுக்க இந்த ஒரு பாடத்தின் மேல் நிற்கிறது என்பது என் எண்ணம். 'ஆர்டருக்கு வரைகிறவன் கலைஞனா' என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. பழைய மேதைகள் பாதிப்பேர் தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் ஆர்டர் எடுத்து வரைந்தவர்கள்தான்.

கே: ராணுவத்துக்கு வரைந்தவர் எப்படிக் காட்டு விலங்குகளுக்குப் போனார்? இரண்டும் எதிரெதிர்த் திசை ஆயிற்றே.

ப: இல்லை, ஒன்றின் வாசல் வழியாகத்தான் இன்னொன்றுக்குள் போனார். படித்து முடித்ததும் லண்டன் விமான நிலையத்தில் (இன்றைய ஹீத்ரோதான்) அனுமதி வாங்கிக்கொண்டு, படம் வரையும் சட்டத்தை நிறுத்தி விமானங்களை வரைய ஆரம்பித்தார். விமானக் கம்பெனிகள் பார்த்தன, வாங்கின. பிறகு ராயல் ஏர்ஃபோர்ஸ் கூப்பிட்டது, தரைப்படையும் கூப்பிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் உலகத்தில் பல மூலைகளில் முகாம் போட்டிருந்த காலம், அதனால் இவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் அங்கங்கே வரையச் சொன்னார்கள்.

1960-ல் அப்படித்தான் கென்யா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலை இல்லை என்று துரத்தின அதே நாட்டுக்கு, இப்போது விமானப் படையின் விருந்தாளியாக! இவர் விமானம் வரையத் தயாராகப் போக, அங்கிருந்த அதிகாரிகளோ, நாள் முழுக்க நாங்கள் அதில்தான் பறக்கிறோம், சுவரிலும் அதையேவா மாட்டுவது, இந்த ஊர் விஷயமாக ஏதாவது வரைந்து தரமுடியுமா என்று கேட்டார்கள். அவர் அதுவரை பெரிய விலங்கு எதையும் வரைந்ததே இல்லை. ஒரு காண்டாமிருகத்தை வரைந்தார், அதுவும் ரன்வேயில் விமானத்தை விரட்டுகிற மாதிரி. இருபத்தைந்து பவுண்டு கொடுத்தார்கள். அதன் பிறகு விலங்குப் படங்களுக்கு வந்த ஆர்டர் நிற்கவே இல்லை.

கே: காடுகளைக் காப்பாற்றுவதில் இறங்கியது எப்போது?

ப: அதே பயணத்தில். தாங்கனிகாவில், அதாவது இன்றைய தான்சானியாவில், ஒரு நீர்நிலையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். கள்ள வேட்டைக்காரர்கள் தண்ணீரில் விஷம் வைத்திருந்தார்கள். துப்பாக்கி வாங்கக் காசு வேண்டும், சத்தமும் கேட்கும். விஷம் மலிவு, ஒரே இரவில் மந்தையே காலி. தாகத்துக்கு வேறு என்னென்ன வந்து குடித்துச் செத்தன என்பது யாருக்கும் கணக்கில்லை. அந்த நிமிஷத்திலிருந்து தான் வேறு ஆளாகிவிட்டதாக ஷெப்பர்ட் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட 'ஒரே நிமிஷத்தில் மனம் மாறிய' கதைகளை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன், ஆனால் இவர் விஷயத்தில் அடுத்த ஐம்பத்தேழு வருஷம் சாட்சியாக இருக்கிறது.

கே: படம் வரைந்து எவ்வளவு பெரிதாகக் காப்பாற்றிவிட முடியும்? நல்ல மனசு என்று பாராட்டலாம், அதற்கு மேல் என்ன?

ப: நல்ல மனசு இருக்கட்டும், இவர் பணத்தோடு வந்தவர். 1971-ல் தன் ஓவியங்களை அமெரிக்காவில் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஜாம்பியா நாட்டுக்கு ஒரு பெல் ஜெட்ரேஞ்சர் ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்தார், கள்ள வேட்டையைக் கண்காணிக்க. 1973-ல் இந்திரா காந்தி அரசு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது 'டைகர் ஃபயர்' என்ற ஓவியத்தை வரைந்தார். அதன் பிரிண்டுகள் விற்று சுமார் 1,27,000 பவுண்டு திரண்டு, அந்தப் புலிகளுக்காகப் போனது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பவுண்டு, ஞாபகம் இருக்கட்டும்.

1984-ல் சொந்தமாக அறக்கட்டளை ஆரம்பித்தார். அது இன்றும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் யானை, காண்டாமிருகம், புலி என்று நிதி கொடுத்துவருகிறது, வனவிலங்கு ஓவியப் போட்டியும் நடத்துகிறது. இந்த விலங்குகளை வரைந்துதான் நான் சம்பாதித்தேன், அதனால் அவைகளுக்குக் கடன்பட்டவன் என்பதுதான் அவர் கணக்கு. கடன் என்றே நினைத்தார், தர்மம் என்று நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்தது இந்தக் கணக்குதான்.

கே: ஒரு விமானத்தை வரைகிற கை யானையை வரைய முடியுமா? இயந்திரம் வேறு, உயிர் வேறு அல்லவா?

ப: பார்க்கிற கண் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின் லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 'வின்டர் ஆஃப் 43' என்று வரைந்திருக்கிறார், தேடிப் பாருங்கள். வானத்தில் வீரமாகப் பறக்கிற விமானம் இல்லை அது. குளிர்காலத் தரையில், சகதியில் நிற்கிறது, தரைப்பணியாளர்கள் வேலை பார்க்கிறார்கள். உலோகத்தின் மேல் படிந்த அழுக்கும் எண்ணெய்க் கறையும் நாலு என்ஜின்களின் கனமும் அதில் இருக்கிறது. அப்படியே அவருடைய யானைக்குப் போங்கள், சுருக்கம் விழுந்த தோலின் மேல் அதே புழுதி, தரையை அழுத்தி நிற்கிற அதே கனம். கனமான பெரிய உருப்படிகள்தான் இந்த மனிதருக்கு இஷ்டம், அதற்கு உயிர் இருந்தாலும் சரி, பாய்லர் இருந்தாலும் சரி.

இன்னொன்று. விலங்கு ஓவியர்களுக்கும் ராணுவத்துக்கும் உறவு பழசு. விலங்குகளின் வயிற்றுப் பக்கம் ஏன் வெளுத்திருக்கிறது என்று அமெரிக்க ஓவியர் அபட் தேயர் ஆராய்ந்தார். மேலிருந்து வெளிச்சம் விழுவதால் அடிப்பக்கம் நிழலடிக்கும், வெளுப்பு அந்த நிழலைச் சரிக்கட்டிவிடும், உருவம் தட்டையாகி மறைந்துவிடும் என்றார். ராணுவத்தின் உருமறைப்புக் கலைக்கு அது ஒரு அஸ்திவாரம். வாத்துகளையும் பறவைகளையும் வரைந்த பீட்டர் ஸ்காட், போரின்போது கடற்படை அதிகாரியாக இருந்தவர். இரவில் கண்ணுக்குத் தெரியாமலிருக்கத் தன் கப்பலுக்கு வெளிர் நிறம் அடித்துக் காட்ட, மற்றக் கப்பல்களுக்கும் அது பரவியது. (உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னம் அவர் கைவேலை.) நீலக் குதிரைகளை வரைந்த ஜெர்மானியர் ஃபிரான்ஸ் மார்க், முதல் உலகப் போரில் பீரங்கிகளை மூடி மறைக்கும் தார்ப்பாய்களில் வண்ணப் புள்ளி வைத்தார், 1916-ல் பிரான்ஸின் வெர்டன் போர்க்களத்தில் குண்டு பட்டுச் செத்தார்.

கே: அவர் படங்கள் காலண்டர் படம் மாதிரி இருக்கின்றன. இதையெல்லாம் பெரிய கலை என்கிறீர்களா?

ப: பெரிய கலை என்று நான் எங்கே சொன்னேன்? லண்டன் விமர்சகர்கள் பலர் உங்கள் கட்சிதான். அந்தி வெளிச்சம், புழுதி, நேரே நம்மைப் பார்த்து வருகிற கொம்பன், இதையே அவர் அடிக்கடி திரும்பச் செய்தார் என்பதும் உண்மை. 1962-ல் வந்த 'வைஸ் ஓல்டு எலிஃபன்ட்' பிரிண்ட், பூட்ஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலியில் விற்று ஏகப்பட்ட வீடுகளின் சுவரில் ஏறியது. சுவர் சுவராய் ஏறியதை விமர்சகர்கள் மன்னிப்பதில்லை. நிலம் வரைகிற இடங்களில் அவர் நன்றாகவே இருக்கிறார், ஆகாயமும் நன்று. விலங்கின் குணத்தைச் சொல்வதில் கொஞ்சம் மேடைத்தனம் உண்டு, எல்லா யானையும் ராஜாவாகத்தான் வரும். மனிதர்களையும் வரைந்தார்: பிரிட்டிஷ் ராஜமாதா, ஜாம்பியாவின் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, அபுதாபியின் ஆட்சியாளர் ஷேக் சையது. இங்கிலாந்தில் போர்டன் ராணுவ முகாமின் தேவாலயத்தில் 15 அடி ஏசுநாதர்கூட உண்டு, 1964-ல் வரைந்தது.

கே: உறவினர் ஒருவர் விட்டுப்போன பொருட்களில் ஷெப்பர்ட் யானைப் படம் ஒன்று கிடைத்தது. விற்றால் லட்சாதிபதி ஆகலாமா?

ப: அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். ஒரிஜினல் எண்ணெய் ஓவியமென்றால் விஷயமே வேறு. ஆனால் பெரும்பாலும் பிரிண்டாகத்தான் இருக்கும். கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்தும் 212/850 (அதாவது 850 பிரதிகளில் 212-வது) மாதிரி ஒரு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அளவாக அச்சிட்ட பிரதி, கொஞ்சம் மதிப்பு உண்டு. அச்சிலேயே விழுந்த கையெழுத்து என்றால் அலங்காரப் படம்தான். படம் மொத்தமும் நீலம் பாய்ந்து கிடந்தால் வெயிலில் மாட்டியிருந்தார்கள் என்று அர்த்தம், மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டிப் பாருங்கள், அதுவே லாபம்.

கே: என் மகள் யானை வரைகிறாள். ஷெப்பர்டைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்லலாமா?

ப: கொஞ்ச நாள் அடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம், நம் ஆசிய யானைக்கு மேடு; அங்கே தும்பிக்கை நுனியில் இரண்டு விரல், இங்கே ஒன்று. காப்பியடித்துவிட்டு ஆசிய யானை என்று பெயர் எழுதினால் மாட்டிக்கொள்வாள். அப்புறம் யானை சாம்பல் நிறம் என்று டப்பாவிலிருந்து எடுத்துப் பூச வேண்டாம். கென்யாவின் ட்சாவோவில் யானைகள் செங்கல் நிறத்தில் அலையும், அந்த ஊர்ச் செம்மண்ணைப் பூசிக்கொள்வதால். எந்த மண்ணில் நிற்கிறதோ அதன் நிறம்தான் யானைக்கு.

கே: ரயில் பைத்தியம் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?

ப: பைத்தியம் என்பது மரியாதையான சொல். 1967-ல் பிரிட்டிஷ் ரயில்வே நீராவி என்ஜின்களைக் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஓவியம் விற்ற பணத்தில் இரண்டு என்ஜின்களை வாங்கினார். ஒன்றின் எண் 92203, 'பிளாக் பிரின்ஸ்' என்று பெயர் வைத்தார், பிறந்து எட்டே வருஷம் ஆன என்ஜின். இதை எங்கே நிறுத்துவது? மறுபடியும் ராணுவம்தான், ஹாம்ப்ஷயரில் அவர்களுக்கென்று லாங்மூர் என்ற ரயில் பாதை இருந்தது, அங்கே. பிறகு சாமர்செட்டில் கிரான்மோர் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு ரயில்வேயையே தொடங்கிவிட்டார். பிளாக் பிரின்ஸ் கடைசியில் நார்த் நார்ஃபோக் ரயில்வே கைக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே ஒரு ஹெலிகாப்டர் சொன்னேனே, அதை வாங்கிக்கொண்ட ஜாம்பியாவின் ஜனாதிபதி கவுண்டா பதிலுக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? 1896-ல் செய்த ஒரு நீராவி என்ஜின், கூட ஒரு ரயில் பெட்டி. இரண்டையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும் பாட்டை அவரே பட்டுக்கொண்டார்.