வலைப்பூவிலிருந்து இணையதளத்துக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றி 2010 முதல் பிளாக்ஸ்பாட்டில் எழுதி வருகிறேன். முந்நூறு கட்டுரைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆனால் குடுமியான்மலைக்குப் போகிற ஒருவர், அவ்வூரைப் பற்றி நான் எழுதியவற்றை ஒருசேரப் படிக்க வழியில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் முழுமையான தளமாக அமைத்துத் தருவதாகச் சொல்கிறான். பழைய வலைப்பூவை அழித்துவிட்டு மாறிவிடலாமா? எதை முதலில் செய்ய வேண்டும்?

ரா., புதுக்கோட்டை

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

தாராளமாக மாறுங்கள், ஆனால் பழைய வலைப்பூவை அழிக்க வேண்டாம்.

வலைப்பூ நாள் வரிசையில் அடுக்கப்படுவது. புதியது மேலே வரும், பழையது அடியில் போய்விடும். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தைப் பற்றிப் படிக்க வருகிறவருக்கு, அந்தக் கட்டுரையை நீங்கள் எந்த மாதம் எழுதினீர்கள் என்பதில் எந்த அக்கறையும் இராது. ஆகவே முதல் வேலை தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) தேடுவதன்று. கட்டுரைகள் அனைத்தையும் ஓர் எக்செல் தாளில் தலைப்பு, பழைய முகவரி, ஊர், காலம், அரசமரபு என்று பட்டியலிடுவதுதான். கொடும்பாளூர் மூவர் கோயிலை ஊரின் கீழ் வைப்பதா, அவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் மரபின் கீழ் வைப்பதா என்பதைப் பையன் முடிவு செய்ய முடியாது. ஊரையே முதன்மைப் பகுப்பாகவும், மரபையும் காலத்தையும் குறிச்சொற்களாகவும் வைப்பது நல்லது என்பது என் கருத்து. இப்போதைய வலைப்பூவில் குறிச்சொற்களாக உள்ள லேபிள்களையும் அப்போதே ஒழுங்குபடுத்திவிடுங்கள்: ‘குடுமியான்மலை’ என்று சேர்த்தும் ‘குடுமியான் மலை’ என்று பிரித்தும் எழுதியிருந்தால், பிளாக்கருக்கு (பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களை நடத்தும் கூகுள் சேவை) அவை இரண்டு தனி ஊர்கள்.

அடுத்து, முக்கியமான ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிலையான பக்கம் எழுதுங்கள். குடுமியான்மலைப் பக்கத்தில் கோயிலின் வரலாறு, இசைக் கல்வெட்டைப் பற்றிய சிறு விளக்கம், போகும் வழி, அவற்றின் கீழே அவ்வூரைப் பற்றி இதுவரை நீங்கள் எழுதிய எல்லாக் கட்டுரைகளின் சுட்டிகள் என்று அமையட்டும். இத்தகைய பக்கங்கள் பத்துப் பதினைந்து தேறினாலே அது இணையதளம் ஆகிவிடும், மற்றதெல்லாம் ஒப்பனை. (முகப்பில் தானாக ஓடும் படங்களை வைக்கலாம் என்று பையன் சொல்வான். தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.)

கவனம் அதிகம் தேவைப்படுவது முகவரிகளில்தான். மற்றவர்கள் தம் கட்டுரைகளில் உங்களுக்குக் கொடுத்த சுட்டிகளும், கூகுள் தேடலில் நீங்கள் பெற்றிருக்கும் இடமும் பழைய முகவரிகளைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே சொந்த டொமைன் (உங்களுக்கே உரிய இணைய முகவரி) ஒன்றை வாங்கி, முதலில் அதை இப்போதைய பிளாக்கரிலேயே இணையுங்கள். இதற்குப் பிளாக்கர் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. அதன்பின் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்கள் தாமாகவே புதிய முகவரிக்கு அனுப்பப்படுவார்கள். சில மாதங்கள் கழித்து, பிளாக்கரின் அமைப்பை மாற்றாமல், டொமைனை மட்டும் வேர்ட்பிரஸ் உள்ள ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) திருப்பிவிடலாம். இடையே ஓர் அறிவிப்புப் பக்கம் வரக்கூடுமே தவிர, வாசகர் வழி தவறமாட்டார். வேர்ட்பிரஸிலும் முகவரியின் வடிவத்தை ஆண்டு, மாதம், பெயர் என்று பிளாக்கரில் உள்ளபடியே வைத்து, பெயர்ப் பகுதி பழையதோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் எக்செல் தாளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

இனி எழுதப்போகும் கட்டுரைகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பிளாக்கர் தமிழ்த் தலைப்பை முகவரியில் சேர்ப்பதில்லை. ‘பிளாக் போஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் போட்டு ஓர் எண்ணையும் ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ் சேர்க்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்துக்குறியையும் ஒன்பது குறிகளாக மாற்றி எழுதும். பெயர்ப் பகுதிக்கு அது ஒதுக்கும் இடம் 200 குறிகள் என்பதால் ‘குடுமியான்மலை இசைக் கல்வெட்டு’ என்ற தலைப்பு முழுதாகக் கொள்ளாது. கல்வெட்டு என்ற சொல்லின் நடுவிலேயே அறுந்துவிடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே தட்டச்சு செய்துவிடுவது மேல்.

பிளாக்கர் தரும் பேக்கப் கோப்பில் கட்டுரைகளும் பின்னூட்டங்களும் இருக்கும், புகைப்படங்கள் இரா. புதிய தளத்தில் கட்டுரைகளை ஏற்றிய பிறகும் படங்கள் பல வேளைகளில் கூகுளின் சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கும். வலைப்பூவை அழித்தால் கல்வெட்டுப் படங்கள் இருந்த இடம் வெறுமையாகிவிடக்கூடும். அழிக்க வேண்டாம் என்றது இதற்காகவும்தான். படங்களைத் தனியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் யாஹூ தன் இலவச இணையதளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் போயின. 2019-இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் பிளாக்கர் கட்டுரைகளின் கீழ் எழுதப்பட்டிருந்த பின்னூட்டங்களும் மறைந்தன.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். உறவுக்காரப் பையன்மீது ஐயப்பட்டுச் சொல்லவில்லை. நாளை அவன் வேலைக்காக வெளிநாடு போய்விட்டால், ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்பு நினைவூட்டல் அவனுடைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கக் கூடாது.