ஏணி, துப்பாக்கி, பற்று நோட்டு: சோமாலியக் கடற்கொள்ளை கேள்வி பதில்

வணிகக் கப்பலில் 24 வருஷம் வேலை பார்த்தவன் நான். கொள்ளையர் உச்சத்தில் இருந்த காலத்தில் சோமாலியாவுக்கு வடக்கே உள்ள ஏடன் வளைகுடாவைப் பலமுறை கடந்திருக்கிறேன். கேளுங்கள்.

கார்த்திக்: சார், அத்தனை பெரிய கப்பலைச் சின்னப் படகில் வருகிற நாலைந்து பேர் எப்படிப் பிடிக்கிறார்கள்?

கப்பல்தான் பெரிது தம்பி, உள்ளே இருபது சொச்சம் பேர்தான். சரக்கு ஏற்றிய கப்பல் தண்ணீரில் நன்றாக அமுங்கி, 12, 13 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22, 24 கிலோமீட்டரில் நகரும். அவர்களுடைய படகு அதைப்போல இரண்டு மடங்கு ஓடும். கொக்கி வைத்த ஏணி ஒன்று போதும். நாங்கள் டெக்கை, அதாவது மேல்தளத்தை, சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவோம். 'பாய்லர் சூட்' என்கிற முழு உடுப்புக்குள் பழந்துணி திணித்துக் காவலாள் மாதிரி நிறுத்துவோம், நம்மூர் சோளக்கொல்லைப் பொம்மைதான். ஒரு ராத்திரி ரவுண்ட் போன கேடட், அதாவது பயிற்சிப் பையன், அதற்கு "குட் ஈவினிங் சார்" சொல்லிவிட்டு வந்தான்.

செல்வி: அவர்களும் வயிற்றில் அடிக்கப்பட்ட மீனவர்கள்தானே?

தொடக்கத்தில் அதில் உண்மை உண்டு. 1991இல் அரசு கவிழ்ந்தபின் கடலைக் காக்க ஆளில்லை, வெளிநாட்டுக் கப்பல்கள் மீனை அள்ளிக்கொண்டு போயின. ஆனால் 2005 ஜூனில் செம்லோ என்ற கப்பலைப் பிடித்தார்களே, அதில் இருந்தது சோமாலியாவின் சுனாமி அகதிகளுக்கு ஐ.நா. அனுப்பிய 850 டன் அரிசி. அதற்கப்புறம் 'நாங்கள் கடல் காவலர்' என்று அவர்கள் சொன்ன பேச்சு எனக்கு எடுபடவில்லை.

முருகேசன்: மீட்புப்பணத்தால் ஊர் செழித்ததா அண்ணே?

ஊர் எங்கே செழித்தது! 2005 முதல் 2012 வரை கைமாறியது 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் என்று உலக வங்கி 2013இல் கணக்குச் சொன்னது. பெரும்பங்கு முதல் போட்டவனுக்கு. கப்பலில் ஏறினவனுக்கு 30,000 முதல் 75,000 டாலர், சொந்த ஏணியோ துப்பாக்கியோ கொண்டுவந்தால் 10,000 வரை மேலே. கேட்க நன்றாக இருக்கிறதா? பிடித்த கப்பலில் காவல் இருக்கும் மாதங்களில் தின்கிற சோறு, மெல்லுகிற 'காட்' என்ற போதை இலை எல்லாம் பற்று நோட்டில் ஏறும், அதுவும் வெளிவிலையைவிடப் பல மடங்கு. பணம் வந்ததும் நோட்டைக் கழித்துத்தான் மிச்சம் கைக்கு. சிலருக்கு மிச்சமே இல்லை. மளிகைக்கடைப் பாக்கியில் மாட்டினவர்களுக்கு இது புரியும்.

ஷீலா: பணம் கட்டிவிட்டால் மாலுமிகளை விட்டுவிடுவார்கள்தானே?

எப்போதும் இல்லை அம்மா. அஸ்பால்ட் வென்ச்சர் என்ற கப்பல் 2010 செப்டம்பரில் பிடிபட்டது. 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது, கப்பலும் போனது. ஆனால் இந்தியர் ஏழு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நம் கடற்படை பிடித்துவைத்திருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் என்றார்கள். அந்த ஏழு பேர் விடுதலையாக 2014 அக்டோபர் கடைசி ஆயிற்று.

ஜோசப், குளச்சல்: எங்கேயோ நடக்கிற இதில் எங்களுக்கு என்ன?

கொள்ளையர் அபாயம் உள்ளது என்று கப்பல்களுக்கு அறிவித்திருந்த ஆபத்துப் பகுதியின் எல்லையை 2010இல் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை நீட்டினார்கள். கன்னியாகுமரியே அதற்கு மேற்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் வந்த கப்பல்கள் பலவற்றில் ஆயுதக் காவலர் நின்றார்கள், அவர்கள் கண்ணுக்கு நெருங்கிய படகெல்லாம் கொள்ளைப்படகு. 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் இருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் உங்கள் குமரி மாவட்டம். எல்லைக்கோட்டை 2015 டிசம்பரில்தான் பின்னுக்குத் தள்ளினார்கள்.

கார்த்திக்: இப்போது ஓய்ந்துவிட்டதா?

ஓய்ந்திருந்தது. 2023 டிசம்பரில் ரூயன் கப்பலைப் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா 40 மணி நேரம் மல்லுக்கட்டி, 35 பேரைச் சரணடைய வைத்து, மாலுமிகள் 17 பேரையும் மீட்டது. பிடிபட்டவர்களை மும்பைக்குக் கொண்டுவந்தார்கள்.